டிவிக்குப் பூட்டுப் போட்ட வீடு

என் அப்பா பூட்டு உடைத்த கதையை எங்கள் தோட்டத்தில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நான் கதவைக் கழற்றிய கதையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் இரண்டையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் முதலில் இருந்தது மலேசியாவில், சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கே பால் வெட்டினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நிர்வாகம் தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரப்பெட்டி, அதற்குள் டிவி, பெட்டிக்கு இரண்டு கதவு, கதவில் பூட்டு. சாவி கிராணியிடம் இருந்தது. கிராணி தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். வேலைக்கு வந்தவர்கள் பேர் போடுவதும் சம்பளம் போடுவதும் அவர் கையில் இருந்ததால் துரைக்கு அடுத்த துரை அவர்தான். மாலையில் குளித்து, பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் வந்து திறந்தால்தான் எங்களுக்கு டிவி. அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டால் படம் எந்த இடத்தில் இருந்தாலும் எழுந்து பூட்டிவிட்டுப் போய்விடுவார். கதாநாயகி அழுதுகொண்டே இருப்பாள். கதவு சாத்தப்படும். நாங்கள் வெளியே வந்து, அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வோம்.

ஒரு தீபாவளிக்கு டிவியில் தமிழ்ப் படம் போடுவதாகச் சொன்னார்கள். புதுத்துணி உடுத்திக்கொண்டு தோட்டமே மண்டபத்தில் கூடிவிட்டது. கிராணி வரவில்லை. மச்சினர் வீட்டு விருந்துக்குச் சுங்காய் டவுனுக்குப் போயிருந்தார். சாவி அவர் சட்டைப் பையிலேயே போயிருந்தது. கூட்டம் முணுமுணுத்ததே தவிர யாரும் நகரவில்லை. அப்பா எழுந்து வீட்டுக்குப் போனார். வரும்போது கையில் பாராங் கத்தி இருந்தது. பெஞ்சு மேல் ஏறி, கத்தி முனையைப் பூட்டுக் கொக்கிக்குள் விட்டு நெம்பினார். கொக்கி பெயர்ந்து விழுந்தது. திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"டிவி பாக்க ஒரு மனுசன் இன்னொரு மனுசன்கிட்ட சாவி கேட்டு நிக்கக்கூடாது லா. யாராச்சும் கேட்டா நான்தான் ஒடச்சேன்னு சொல்லுங்க."

அன்றைக்குப் படத்தை முடிவு வரை பார்த்தோம். மறுநாள் ஆபீசில் கூப்பிட்டுக் கிராணியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. அவரைத் தோட்டத்தின் கடைசியில், மேட்டுச் சரிவில், பால் வற்றிப்போன கிழட்டு மரங்கள் இருக்கும் நிரைக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். அதற்குள் பழைய ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நடும் பேச்சும் வந்துவிட்டது. லாரி ஓட்டும் லைசன்ஸ் அவரிடம் இருந்தது. அதை நம்பி எங்களை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது. புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தோம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். எனக்கு மூத்தவர் அண்ணன், எனக்கு இளையவள் தங்கை. அம்மா காலையில் ஒரு சீன டாக்டர் கிளினிக்கைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பகலில் வீடு திரும்பிவிடுவார்.

ஈப்போ வந்து இரண்டு மூன்று வருடங்களில் அப்பா வீட்டுக்கு ஒரு டிவி வாங்கினார். நான்கு கால் வைத்த மரப்பெட்டி. முன்னால் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து நடுவில் சேர்க்கிற கதவு. சேர்கிற இடத்தில் பித்தளைச் சாவித்துளை. அந்தக் காலத்தில் நிறைய டிவி அப்படித்தான் வந்தது. கடைக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போனதும் நாங்கள் திரையைப் பார்த்தோம். அப்பா கதவைப் பார்த்தார். இழுத்து மூடினார், பூட்டினார், திறந்தார், மறுபடியும் பூட்டினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சாவி இரண்டு இருந்தது. ஒன்றை அப்பா தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். இன்னொன்றை அண்ணனிடம் கொடுத்தார். பிறகு எங்களை உட்கார வைத்துச் சட்டம் சொன்னார். அண்ணன் செய்தியும் பந்து விளையாட்டும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நானும் தங்கையும் தமிழ்ச் செய்தி பார்க்கலாம், தமிழ்ப் படம் போட்டால் பார்க்கலாம், அதுவும் அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும். இங்கிலீஷ் படம் கூடவே கூடாது. படத்தில் ஆணும் பெண்ணும் பக்கத்தில் வந்தால் அப்பா எழுந்து கதவை இழுத்துவிடுவார், அவர்கள் விலகிப் போயிருப்பார்கள் என்று அவராகக் கணக்குப் போட்டு மறுபடி திறப்பார். அம்மா என்ன பார்க்கலாம் என்று அவர் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு டிவி பார்க்கிற ஆசை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. எங்கள் மேல் கை வைத்ததில்லை. நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த பெண் ஒருத்தி, லூமுட்டில் மீன்பிடிப் படகில் வேலை செய்த ஒருவனோடு போய்விட்டாள். அவள் வாரம் தவறாமல் சினிமா பார்ப்பவள் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு அப்பா மனதில் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால் பூட்டு சரி என்று ஆகிவிடாது என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

பள்ளியின் கடைசிப் பரீட்சை எழுதும் ஐந்தாம் படிவத்துக்கு நான் வந்த வருடம் சண்டை ஆரம்பித்தது. உயிரியல் பாடத்தில் ரத்த ஓட்டம் என்று ஒரு பகுதி. எங்கள் ஆசிரியை இங்கிலீஷில் படித்து வந்த சீனப் பெண். பாடமெல்லாம் மலாய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. புத்தகத்தில் இருக்கும் மலாய்ச் சொற்களை அவரே எங்களோடு சேர்ந்துதான் படித்தார். ஒருநாள் அவர், "மத்தியானம் டிவியில் பாடம் போடுகிறார்கள், இதயம் சுருங்கி விரிவதை ஓடுகிற படமாகக் காட்டுகிறார்கள், நான் வரைவதைவிட அது நன்றாக இருக்கிறது, பாருங்கள், யார் வீட்டில் டிவி இருக்கிறது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எங்கள் வீட்டில் இருந்ததே.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, மத்தியானத்துல ஸ்கூல் பாடம் போடுறாங்களாம். டீச்சர் பாக்கச் சொன்னாங்க. சாவிய வச்சிட்டுப் போறீங்களா?"

"பாடம் படிக்க ஸ்கூல் இருக்கு லா. டிவி எதுக்கு?"

"அதுல இதயம் ஓடுற மாதிரி காட்டுறாங்கப்பா."

"இன்னிக்கு பாடம்பே, நாளைக்கு வேற என்னமோம்பே. எனக்குத் தெரியாதா?"

அண்ணனிடம் போனேன். அவர் பள்ளி முடித்துவிட்டு ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலில் வீட்டில் இருப்பதில்லை, சாவியும் அவரோடு போய்விடும். "அப்பா கேட்டா நான் உன்னைக் காட்டிக் கொடுக்கமாட்டேன். ஆனா சாவி தரமாட்டேன்" என்றார். காட்டிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. நான் ஒளிந்து செய்கிற காரியமா கேட்டேன்?

பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் வகுப்புத்தான். கொண்டை ஊசியை வளைத்து விட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடும், பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிடலாம், அவர்கள் வீட்டில் அப்படித்தான் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கொண்டை ஊசியால் திறந்தால் நான் பார்த்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

அடுத்த பாட நாளில் பள்ளி விட்டு வந்ததும் அண்ணனின் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். கதவு ஓடும் மேல் சட்டத்தை நாலைந்து திருகாணிகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். கதவு இரண்டும் பூட்டியபடியே ஒரே துண்டாகக் கையோடு வந்தன. அவற்றைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பா வந்தா?"

"நான்தான் கழட்டுனேன்னு சொல்லுங்க. இல்ல, நானே சொல்றேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து இதயத்தைப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைதான். ஒரு பக்கம் சுருங்கியது, மறுபக்கம் விரிந்தது, சின்னச் சின்ன அம்புக்குறிகள் குழாய்களில் ஓடின. புத்தகத்தில் ஒரு வாரம் முட்டி மோதியும் பிடிபடாதது அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. பாடம் முடிந்தும் கதவைத் திரும்ப மாட்டவில்லை. வேண்டுமென்றேதான் அப்படியே விட்டேன்.

அப்பா வந்தார். சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான்பா. பாடம் பாத்தேன்."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கதவைத் தானே மாட்டினார். ஒவ்வொரு திருகாணியையும் முடிந்த வரை முறுக்கினார். பிறகு டிவிக்குப் பின்னால் போய், கழற்றி எடுக்கிற மாதிரி இருந்த கரண்ட் வயரை உருவிச் சுருட்டி, சாப்பாட்டுத் தூக்கு வைக்கும் பைக்குள் போட்டார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு டிவி வயர் தினமும் பஸ்ஸில் ஈப்போவைச் சுற்றி வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த காரியம்தான் பெரிய பேச்சாகிவிட்டது.

எங்கள் தெரு மூலையில் ஒரு பாய் கடை இருந்தது. பெரிய சாப்பாட்டுக் கடை இல்லை. ரொட்டி, தே, கோப்பி, நாலு பளிங்கு மேசை. ஷிப்டு மாறுகிற பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். கல்லாவுக்கு மேலே பலகை அடித்து ஒரு டிவி வைத்திருந்தார் பாய். பகலில் அது சும்மா கிடக்கும். பெண்கள் அந்தக் கடையில் உட்கார மாட்டார்கள். அம்மாவே போனால் வாசலில் நின்று ரொட்டியைக் கட்டி வாங்கி வந்துவிடுவார்.

பாட நாள் வந்தது. பள்ளியிலிருந்து வந்து உடுப்பு மாற்றப் போனேன். அம்மா, "எங்க போறே?" என்றார்.

"பாய் கடைக்கு. அங்க டிவி இருக்கு."

அம்மா சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன்.

"உடுப்ப மாத்தாத. ஸ்கூல் உடுப்போடயே போ. புத்தகத்தையும் எடுத்துக்க" என்றார்.

அந்த நீல பினஃபோரின் அர்த்தம் எனக்குக் கடைக்குள் நுழைந்த பிறகுதான் புரிந்தது. ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உடுப்பைப் பார்த்ததும் பார்வை தணிந்தது. நான் நேராகக் கல்லாவுக்குப் போனேன்.

"பாய், அந்த டிவிய கொஞ்சம் போடுறீங்களா? ஸ்கூல் பாடம் பாக்கணும்."

"ஒங்க வீட்டுல டிவி இருக்கே பாப்பா. போன வருசம் எறக்குனாங்களே."

"இருக்கு பாய். பூட்டியிருக்கு."

பாய்க்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். ஸ்டூல் போட்டு ஏறி டிவியைப் போட்டார். டிவிக்கு நேர் எதிரே இருந்த மேசையைத் துடைத்துவிட்டார். நான் ஒரு சிராப் தண்ணி, சிவப்பு ரோஸ் சர்பத், சொன்னேன். சும்மா உட்கார்ந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். நோட்டை விரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

இப்படிச் சில வாரங்கள் போனேன். முதல் நாள் பேசாமல் இருந்தவர்கள் பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு கண்டக்டர் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "தங்கச்சி, இதயம் எடது பக்கம்தானே இருக்கு? இவன் வலது பக்கம் காட்டுறானே" என்று கேட்டார். "நம்மளுக்கு எதிர்ல ஒரு ஆளு நிக்கிற மாதிரி பாக்கணும் அண்ணே" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரை எழுப்பி எதிரில் நிற்க வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். எங்கள் தெருப் பெண்கள்தான் அம்மாவிடம் வந்து, "பொம்பளப் புள்ளைய ஆம்பளைங்க கடைல உக்கார வைக்கிறியே" என்று கேட்டார்கள். அம்மா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் போகாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பாவோடு வேலை செய்பவர்கள். செய்தி அவருக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்துதான் போனேன். ஒருநாள் யாரோ அவரிடம், "ஒங்க வீட்டு டிவி ரிப்பேரா? மக பாவம், கடைக்கு வந்து பாக்குது" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த பாட நாளில், நான் வரைந்துகொண்டிருக்கும்போது கடை திடீரென்று அமைதியானது. நிமிர்ந்தேன். காக்கி உடுப்போடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரி. வீட்டுக்குப் போ."

"முடிஞ்சதும் வாரேன்பா."

"இப்ப எந்திரிங்கிறேன்."

நான் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"வீட்டுல பாக்க விடல. அதான் இங்க வந்தேன். இங்கயும் கூடாதுன்னா எங்க போறதுன்னு சொல்லுங்க, போறேன்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"தோட்டத்துலயும் எல்லாரும் பாத்தாங்கப்பா. தீபாவளிக்கு. பெஞ்சு மேல நின்னு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. டிவி பாக்க ஒரு மனுசன் இன்னொரு மனுசன்கிட்ட சாவி கேட்டு நிக்கக்கூடாதுன்னீங்க. நான் ஒங்ககிட்ட கேட்டு நின்னேன்."

பாய் கையிலிருந்த தே குவளை அப்படியே நின்றது. டிவியில் மலாய்க் குரல் மட்டும் ரத்தம் நுரையீரலுக்குப் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். இழுத்திருந்தால் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது நிச்சயம்.

அவர் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தால் டிவி அவருக்கு முதுகுப் பக்கம். கொஞ்ச நேரம் என் நோட்டைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரும் டிவியைப் பார்த்தார். பாய் கேட்காமலேயே ஒரு தே கொண்டுவந்து வைத்தார். அப்பா அதைக் குடித்தார். பாடம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் நோட்டை மூடிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பாதி வழியில் அவர் பின்னாலிருந்து கேட்டார்.

"கிராணியும் நானும் ஒண்ணா?"

"இல்லப்பா. நீங்க அப்பா. ஆனா பூட்டு ஒண்ணுதான்."

நான் அதை மெதுவாக்கிச் சொல்ல முயற்சி செய்யவில்லை. அவருக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்.

மறுநாள் காலையில் வயர் டிவியில் சொருகியிருந்தது. சாவியை எனக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மா கையில் கொடுத்துவிட்டு, "நீ பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

எங்கள் வீட்டில் அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அன்று மாலை அண்ணன் வந்ததும் அம்மா கையை நீட்டினார்.

"ஒன் சாவியயும் குடு."

"அது அப்பா எனக்குக் குடுத்தது."

"இப்ப நான் கேக்குறேன். வீட்டுல எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

இரண்டு சாவியும் அம்மா ரவிக்கையில் ஊக்கில் மாட்டித் தொங்கின. என் பாடத்துக்குத் தவறாமல் திறந்தார். ஆனால் பாத்திரம் கழுவாமல் யாருக்கும் டிவி கிடையாது. அண்ணனுக்கும் அதே கதைதான். அவர் பந்து விளையாட்டுக்காகத் தட்டுக் கழுவிய காட்சியை நானும் தங்கையும் நின்று ரசித்தோம். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்குத் தமிழ்ப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குஸ்தி பிடித்தது. தொடை பருத்த வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் தூக்கி எறிவதை, முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு பார்ப்பார். அப்பா கதவை மூட எழுந்தால், "ஒக்காருங்க, சாவி எங்கிட்ட" என்பார். அப்பா உட்கார்ந்துவிடுவார்.

அதற்காக நான் அம்மாவோடு சண்டை போடாமல் இருக்கவில்லை. இங்கிலீஷ் படத்துக்காகப் போட்டேன், தங்கையின் கார்ட்டூனுக்காகப் போட்டேன். சிலதில் ஜெயித்தேன். ஆனால் அம்மாவோடு வாதாட முடிந்தது. ஏன் கூடாது என்று கேட்டால் ஒரு காரணம் சொல்வார். காரணம் சரியில்லை என்று நிரூபித்தால் முறைத்துக்கொண்டே ஊக்கைக் கழற்றுவார்.

அந்த வருடம் உயிரியலில் நல்ல தேர்ச்சி பெற்றேன். மற்ற பாடங்களில் சுமார்தான். அதை வைத்துப் பயிற்சிக்குப் போய், அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் என்னைப் பற்றி, பாய் கடையில் உட்கார்ந்து படித்த பெண் என்று பேச்சு இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு குடும்பம் அதைக் காரணமாகச் சொல்லித் திரும்பிப் போனது. பாரிட் புந்தாரிலிருந்து வந்தவர்கள். போகட்டும் என்றேன். அம்மாதான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. தங்கை அப்போது நான் படித்த அதே பள்ளியில் ஐந்தாம் படிவம். பள்ளி விட்டு வந்ததும் போனும் கையுமாக இருந்தாள். பில்லைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்தார். நம்பர் சுழற்றுகிற துளையில் மாட்டுகிற பூட்டு. வருகிற போனை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. அவர் வயதான மனிதராக ஆகிக்கொண்டிருந்தார். ஷிப்டு மாறி மாறி வந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை, அந்தச் சின்னச் சாவியைப் பூட்டில் விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தார். சாவி.

"இதை நீ வச்சிக்கம்மா. நீ படிச்சவ. யாருக்கு எப்பக் குடுக்கணும்னு ஒனக்குத் தெரியும்."

என்னை அவர் அதுவரை அப்படி மதித்துப் பேசியதில்லை. எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. தங்கை யாரோடு பேசுகிறாள் என்பது எனக்கும் கவலைதான். அவள் குரல் தணிந்து போவதையும், நான் உள்ளே வந்தால் பேச்சு மாறுவதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வேணாம்பா" என்றேன்.

"ஏன்?"

"தங்கச்சிகிட்ட நான் பேசுறேன். யாரு, என்னன்னு கேக்குறேன். சண்டை போடணும்னா அதையும் போடுறேன். பூட்டுக்குக் காவல் மட்டும் இருக்கமாட்டேன்."

"அப்ப பூட்டியே கெடக்கட்டும். எப்படிப் பேசுறான்னு பாக்குறேன்."

"பூட்டுனாலும் பேசுவாப்பா. பேசிக்கிட்டுத்தான் இருக்கா."

அவர் நம்பவில்லை. ரிசீவரை எடுத்தேன். ரிசீவர் உட்கார்கிற இடத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்குமே, அவற்றை விரலால் தட்டினேன். நம்பரில் எந்த எண்ணோ அத்தனை தட்டு, கொஞ்சம் இடைவெளி, அடுத்த எண். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. பஸ் டிப்போவுக்கு மணி அடித்தது. யாரோ எடுத்து ஹலோ என்றார்கள். ரிசீவரை அப்பா காதில் வைத்தேன். அவர் திகைத்துப் போனார். என்ன பேசுவது என்று தெரியாமல், "நாளைக்கு எனக்கு எந்த ஷிப்டு?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பூட்டையே பார்த்தார்.

"நான் தட்டிப் பாக்குறேன், தள்ளு."

மேஸ்திரி வேலை செய்கிற மாதிரி நிதானமாகத் தட்டினார். எங்கேயோ கணக்குத் தப்பிவிட்டது. ஒரு சீனத்தி கான்டொனீஸில் படபடவென்று பேசினாள். "சாலா நொம்பொர் லா, சாரி" என்று, தப்பு நம்பர் என்பதை மலாயில் சொல்லி வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

உள் அறைக் கதவோரம் தங்கை நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போனேன்.

"யாருன்னு சொல்லு. உக்காந்து பேசுவோம்" என்றேன்.

"சொன்னா திட்டுவே."

"திட்டுவேன். அப்பறம் கேப்பேன்."

அவள் உள்ளே போய்க் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.